ஏழாவது வளைவில் யார் சத்தம்

பண்ணைக்கரட்டில் எந்தச் சத்தத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, இது இன்னார் வீட்டுச் சேவல், இது இன்னார் கிணற்று மோட்டார், இது இன்னார் மருமகள் கோபத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம், அதனால் டிரைவர் தவமணியின் பிக்கப் வண்டி மலைச்சாலையின் ஏழாவது வளைவில் ஒருநாள் கிறீச்சென்று கத்தியபோது இது என்ன சத்தம் என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை, இது யாருடையது என்றுதான் கேட்டோம். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நாங்கள் பதினான்கு பெண்கள், மலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலை ஐந்தரைக்குத் தவமணியின் வெள்ளை பிக்கப்பில் ஏறினால் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏழரைக்குத் தோட்டத்தில் இறங்குவோம், சாயங்காலம் அதே பதினைந்தையும் திரும்பச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை ராக்கு மதினிக்கு, எங்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிற தலைவி அவர்தான். பின்னால் இருக்கிற பதின்மூன்று பேருக்கும் அவரவர் இடம் உண்டு, யாரும் யார் இடத்திலும் உட்கார மாட்டோம், அதில் பின்கதவை ஒட்டிய இடது மூலை எனக்கும் வீருசின்னம்மாவுக்கும். பதினோரு வருஷமாக அதே மூலை. இடது வளைவில் நான் அவள்மேல் சாய்வேன், வலது வளைவில் அவள் என்மேல் சாய்வாள், இப்படிச் சாய்ந்து சாய்ந்தே அவள் வீட்டுக் கதை முழுக்க எனக்கும் என் வீட்டுக் கதை முக்கால்வாசி அவளுக்கும் தெரியும்.

மீதிக் கால்வாசிதான் இந்தக் கதை.

ஆறாவது வளைவு வரை சாலை மரியாதையாக ஏறும், ஏழாவதில் மட்டும் திடீரென்று எழுந்து நிற்கும், அங்கே தவமணி ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து ஒரே மூச்சில் ஏற்றுவார், மெல்லப் போனால் பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஆரன் அடித்தே உயிரை வாங்கிவிடுவார்கள். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அப்படி ஓங்கி மிதித்தபோது எங்கள் காலடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, தகரத்தில் அரிவாள் முனையை வைத்து இழுத்ததுபோல் நீளமாக, வண்டி முக்கி முக்கி ஏறி முடிக்கிற வரை நீண்டு, அவர் காலைத் தளர்த்தியதும் நின்றுபோனது. "யாருடி அது, காலங்காத்தாலேயே" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம், அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

தவமணி வண்டியை சிக்கந்தர் பாயின் ஒர்க் ஷாப்பில் விட்டார். சிக்கந்தர் பாய் எங்கள் பக்கத்தில் இருக்கிற நாற்பது வண்டிகளின் இருமல் சளி எல்லாம் அறிந்த மனிதர், அவசரப்படவே மாட்டார், முதலில் ஓடுகிற பெல்ட்டின்மேல் தண்ணீர் தெளித்துச் சத்தம் மாறுகிறதா பார்த்தார், மாறவில்லை, ஆனாலும் பெல்ட்டைப் புதிதாக மாட்டினார், நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு பேரிங்கின்மேலும் வைத்து அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார், டர்போவுக்குப் போகிற ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், சைலன்சர் தொடங்குகிற இடத்து கேஸ்கெட்டைக் கழற்றி மாற்றினார், கடைசியில் பொறுமை போய் அந்த பெல்ட்டையே உருவி எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்க, என்ஜின் கொதிப்பதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்று எங்களை ஏற்றிக்கொண்டு ஏழாவது வளைவில் தாமே மிதித்தார். கத்துவதற்கு பெல்ட்டே இல்லாத வண்டி முன்பைவிடத் தெளிவாகக் கத்தியது.

"வண்டியில கத்துறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல தவமணி, ஆனா கத்துது" என்றார் சிக்கந்தர் பாய், இன்று வெயில் அதிகம் என்பதுபோல.

மறுநாள் எங்களை இறக்கிவிட்டு எங்கள் எடைக்குமேல் உர மூட்டைகளை அடுக்கி அதே வளைவில் அதே மிதி மிதித்துப் பார்த்தார், சத்தமில்லை. மூட்டைகளை இறக்கி எங்களை ஏற்றினார், சத்தம் வந்தது. "அப்ப சத்தம் ஆளோட ஏறுது" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மதியத் தொழுகைக்குப் போய்விட்டார். அதற்குமேல் அவரும் ஆச்சரியப்படவில்லை, நாங்களும் ஆச்சரியப்படவில்லை, மாட்டோடு ஈ ஏறுகிறது, ஆளோடு சத்தம் ஏறுகிறது, அதில் என்ன இருக்கிறது.

சத்தம் என்றால் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் தவமணியின் வீட்டு வாசலில் கூட்டம் நிற்க ஆரம்பித்தது, மருமகளை ஒரு தடவை மேலே கூட்டிப்போய் வரவேண்டும் என்று மாமியார்களும், மாமியாரைக் கூட்டிப்போகாமல் நான் மட்டும் ஏறமாட்டேன் என்று மருமகள்களும், தோப்பில் காய் குறைகிறது என்று காவல்காரனைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்த தோப்புக்காரரும், பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளையை ஏழாவது வளைவு வரை அனுப்பிவையுங்கள் என்று நிபந்தனை போட்ட ஒரு அப்பாவும் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போனபோதெல்லாம் வண்டி கம்மென்று ஏறியது. நிரூபணம் ஆகிவிட்ட நிம்மதியில் அவர்கள் திரும்பி வந்து எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோயில் பூசாரி மட்டும் மலைக்கு மேல் எந்த வேலை இருந்தாலும் நடந்தே போக ஆரம்பித்தார், உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். சோதனைச் சாவடி போலீஸ்காரர் எங்கள் வண்டியை நிறுத்தி லைசன்ஸ் கேட்பதை விட்டுவிட்டு, "என்னா, தெரிஞ்சுருச்சா யாருன்னு" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஊருக்கே இல்லாத சத்தம் எங்கள் பதினான்கு பேரில் ஒருத்தியோடு ஏறுகிறது என்றால் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். வண்டியில் பாட்டு நின்றது. வெற்றிலை கைமாறுவது நின்றது. ஒருத்தி கும்பிட்டால் ஏன் இவ்வளவு கும்பிடுகிறாள் என்று பார்த்தோம், கும்பிடாவிட்டால் ஏன் கும்பிடவில்லை என்று பார்த்தோம், தும்மினால் பார்த்தோம், தூங்கினால் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று பார்த்தோம். எல்லோர் மனதிலும் ஒரே பெயர்தான் இருந்தது, ஒச்சம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்களோடு வந்துகொண்டிருந்தவள், கொண்டையில் ஒரு பிடி ஏலக்காயை மறைத்து வைத்திருந்தாள் என்று தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி எல்லோர் முன்னாலும் அவள் தலைமுடியை அவிழ்த்து உதறி, அன்றோடு தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டிவிட்டார், அவமானம் தாங்காமல் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனவள் இன்னும் ஊர்ப் பக்கம் வரவில்லை. கொண்டையில் இருக்கிறது என்று கங்காணிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோ எங்களில் ஒருத்தி. அவளை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தோம், இப்போது வண்டியே தேட ஆரம்பித்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை, எனக்குத் தேடவேண்டிய தேவை இல்லை. கங்காணியிடம் சொன்னவள் நான். அன்று அவர் என்னைத்தான் முதலில் நிறுத்தினார், என் மடியிலும் ஒரு பிடி ஏலக்காய் இருந்தது, மடியை அவிழ்க்கச் சொல்வதற்கு ஒரு நொடி இருக்கும்போது, "என்னைய ஏன் பாக்குறீக, ஒச்சம்மா கொண்டையப் பாருங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாய் தானாகச் சொன்னது என்று இரண்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராக்கு மதினிதான் வழி சொன்னார். சிக்கந்தர் பாய் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறார் இல்லையா, அதேபோல நாமும் தினம் ஒருத்தி ஆறாவது வளைவில் இறங்கிவிடுவோம், அங்கிருந்து ஒன்பதாவது வளைவுக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் நடந்து வரட்டும், வண்டி எப்படியும் ஒன்பதாவதில் டீக்கடைக்கு நிற்கும், யார் இறங்கின அன்று சத்தம் வரவில்லையோ அவள்தான். "மொத ஆளா நானே எறங்குறேன்" என்றார். இறங்கினார், சத்தம் வந்தது, ஒன்பதாவதில் மூச்சு வாங்க ஏறிவந்து, வண்டி கத்தியதைத் தாமும் பாதையிலிருந்து கேட்டதாகச் சொல்லி, ஒரு டீ முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தார். மறுநாள் முன்வரிசையிலிருந்து அடுத்தவள். அதற்கு மறுநாள் அதற்கு அடுத்தவள். இறங்கியவள் ஒவ்வொருத்தியும் பாதையில் நின்று வண்டி கத்துகிறதா என்று சாமி வரம் கேட்பதுபோல் காத்திருந்தாள், கத்தியதும் அழுதுகொண்டே மேலே வந்தாள், வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிப் பேரை எண்ணினாள். இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று. பன்னிரண்டு பேரும் சுத்தம் என்று ஆயிற்று. மிச்சம் பின்கதவு ஓரத்தில் இரண்டு பேர், வீருவும் நானும்.

அந்தச் சாயங்காலம் இறங்கி வருகிற வழி முழுக்கப் பன்னிரண்டு பேரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வீரு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நானு, மறுநாளு நீயி. நம்ம ரெண்டு பேருல யாருமே இல்லன்னு வந்துட்டா இவளுக மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெப்பாளுகன்னு பாப்போம்" என்று என் காதோரம் சொல்லிச் சிரித்தாள். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தபிறகு இரண்டு பெண் பிள்ளைகளை இந்த வண்டியில் ஏறி இறங்கியே வளர்த்தவள், மடியில் ஒரு பிடி ஏலக்காய்கூட இதுவரை ஒளித்ததில்லை, ஒளித்தால் தூக்கம் வராது என்பாள். அவள் இறங்குகிற அன்று சத்தம் வரும். நான் இறங்குகிற அன்று வராது. இது எனக்கு வெயில்போலத் தெரிந்தது.

மறுநாள் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன்பே, வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லி ராக்கு மதினியிடம் முன்னிருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறாவது வளைவில் வீரு இறங்கினாள், மஞ்சள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்குக் கையாட்டிவிட்டுப் பாதையில் ஏறினாள். வண்டி நகர்ந்ததும் நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அண்ணே, மிதிக்காதீக, மெல்லப் போங்க, வாந்தி வந்துரும்" என்றேன். தவமணி நல்ல மனிதர், வண்டியைப் போன வாரம்தான் கழுவியிருந்தார். முதல் கியரில் போட்டு, காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, கல்யாண ஊர்வலம்போல ஏழாவது வளைவை உருட்டிக்கொண்டே ஏற்றினார், பின்னால் மூன்று லாரிகள் ஆரன் அடித்தன. சத்தம் வரவில்லை. வண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை, எல்லோருடைய காதும் அந்த ஒரு சத்தத்துக்காகத் திறந்திருந்ததால் என்ஜினைக் கேட்க மிச்சக் காது இல்லை. வளைவு முடிந்ததும் பின்னாலிருந்து பன்னிரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டது முன்னிருக்கை வரை கேட்டது.

ஒன்பதாவது வளைவில் வீரு சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "வண்டி கத்தல வீரு" என்றார் ராக்கு மதினி. வீரு முதலில் மதினியைப் பார்த்தாள், பிறகு தவமணியைப் பார்த்தாள், கடைசியாக முன்னிருக்கையில் இருந்த என்னைப் பார்த்தாள். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள். நான் வாயில் வைத்த தலைப்பை எடுக்கவில்லை. அவள் வண்டியிலிருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறி வந்த பாதையிலேயே திரும்பி நடந்தாள். என் முறை வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

மறுநாள் வீரு இல்லாமல் போன வண்டி ஏழாவது வளைவில் பழையபடி கத்தியது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா என்று. எங்கள் ஊரில் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் மறுபடி தேடுகிற வழக்கமில்லை. ஒரு நிமிஷம் எல்லோரும் திகைத்துப்போனது உண்மை, அந்த ஒரு நிமிஷத்தில் எந்தத் தலை என் பக்கம் திரும்புமோ என்று பயந்து, "போகும்போது வண்டிய ஒரு பார்வ பாத்துட்டுப் போனாளே, அதான்" என்று சொன்னதும் நான்தான். உடனே எல்லோருக்கும் அந்தப் பார்வை ஞாபகம் வந்தது, பார்க்காதவளுக்கும் வந்தது. வண்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள், எலுமிச்சம்பழம் கட்டினார்கள், அவள் உட்கார்ந்த இடத்தில் வேப்பிலையைப் பரப்பினார்கள், வண்டி கத்தியது. அவள் வீடு வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரில் இருப்பதால்தான் என்று வண்டியை வேறு தெருவில் நிறுத்தினார்கள், வண்டி கத்தியது. கத்தக் கத்த அவள்மேல்தான் பாரம் ஏறியது. வேறு ஊர் ஜீப்புகளும் அவளை ஏற்ற மறுத்தன, மினி பஸ் கண்டக்டர் சீட்டுக் கிழிக்கும் முன் ஒரு தடவை யோசித்தார். நான் மட்டும் அந்த மூலையில் வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன், இடது வளைவில் சாய ஆளில்லாமல் இரண்டு தடவை தகரத்தில் முட்டிக்கொண்டேன், வலித்தது, வெளியே சொல்லவில்லை.

வீரு நடக்க ஆரம்பித்தாள். ஊரிலிருந்து குறுக்குப் பாதை முழுவதும் ஏறிப் போனாள், ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தில், வண்டி ஏறாமல் நடந்து வருகிறவள் என்பதால் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஏழாவது வளைவில் வண்டி கத்துகிறபோது மேலே பாறைகளுக்கு நடுவில் அவளுடைய மஞ்சள் சேலை தெரியும், பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்து, "பாரு, சரியா அங்கதான் நிக்கிறா" என்பார்கள். மூன்றாவது வாரம் அந்தச் சின்னத் தோட்டக்காரருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஞ்சர் பார்க்க வண்டி சிக்கந்தர் பாயின் ஒர்க் ஷாப்பில் நின்றது. நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாய் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "சத்தம் நின்னுச்சா" என்று கேட்டார். நடந்ததையெல்லாம் ராக்கு மதினி சொன்னார். பாய் கேட்டு முடித்துவிட்டு, "கழட்டினதத் திரும்ப மாட்டிப் பாத்தீங்களா" என்றார்.

"மாட்டுறதுன்னா என்னா பாய்" என்றார் மதினி.

"ஒரு பேரிங்கக் கழட்டுறேன், சத்தம் நிக்குது. ஒடனே பேரிங்குதான்னு சொல்ல மாட்டேன். அதையே திரும்ப மாட்டி, அதே ரோட்டுல, அதே மிதி மிதிச்சு, திரும்பச் சத்தம் வருதான்னு பாப்பேன். வந்தாத்தான் அது பேரிங்கு. இல்லன்னா நல்ல சாமானத் தூக்கிக் குப்பையில போட்டவன் நானு." பாய் தலையைத் தூக்காமல் தவமணியைக் கேட்டார், "அன்னிக்கு எந்த கியருல ஏத்துன?"

தவமணி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துண்டுக்கு மேலாக அவர் கண் என்னைத் தேடியது. "ஞாவகமில்ல பாய்" என்றார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் கியரில் உருட்டினேன் என்று சொன்னால் ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாள் கழித்துக் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு, அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு, அந்தப் புளியமரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் ஒரு கூட்டாளித்தனம் செய்துகொண்டோம். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. என்னைப்போல் ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை ஆறாவது வளைவில், "நிறுத்துங்கண்ணே" என்று கத்தினேன். யாரும் இறங்குகிற முறை இல்லையே என்று எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒச்சம்மா கொண்டையைக் காட்டியது நான், அன்று என் மடியிலும் ஏலக்காய் இருந்தது, வீரு இறங்கின அன்று வயிற்றைப் பிரட்டியது பொய், தவமணி அண்ணனை மிதிக்கவிடாமல் பண்ணினது நான், அவள் வண்டியைப் பார்த்தாள் என்று கிளப்பிவிட்டதும் நான் என்று ஐந்தையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன், மூச்சு விட்டால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும்.

யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். ராக்கு மதினி மட்டும் முன்னிருக்கையிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார். "ரெண்டு வருசமா எங்ககூட ஒக்காந்து, யாரு சொன்னது யாரு சொன்னதுன்னு நீயும் சேந்துதானடி தேடுன" என்றார். தூக்குவாளியைக்கூட எடுக்காமல் இறங்கினேன். இறங்கி, தவமணியிடம், "அண்ணே, அடிவரைக்கும் மிதிங்க" என்றேன்.

அவர் மிதித்தார். பாதையில் நாலு எட்டு ஏறிய நான் நின்று கேட்டேன், வண்டி முக்கியது, என்ஜின் மலையே அதிர உறுமியது, பின்சக்கரம் கல்லைத் தெறிக்கவிட்டது, வளைவின் கடைசிவரை அவர் காலை எடுக்கவில்லை. கிறீச்சென்ற அந்தச் சத்தம் வரவில்லை. நான் இறங்கியதால் நின்றதா, நான் சொன்னதால் நின்றதா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. சிக்கந்தர் பாயிடம் கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று யாராலும் சொல்ல முடியாது, வேலை தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்று கோபப்படுவார்.

பாதையில் முதல் திருப்பத்தில் பாறைமேல் வீரு நின்றுகொண்டிருந்தாள். கடைசி நாள் வேலைக்குப் போகிறவள், மஞ்சள் சேலை, கையில் தூக்குவாளி. மூன்று வாரத்தில் மெலிந்துபோயிருந்தாள், காலில் செருப்பு அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது.

"எறங்கிட்டியா" என்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டு எறங்கிட்டேன்" என்றேன்.

"வண்டி முக்குனது கேட்டுச்சு. இன்னிக்கு அவரு நல்லா மிதிச்சாரு." அவள் வளைவின் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு மிதிக்கல. இதே எடத்துலதான் நின்னேன். வண்டி முக்கவே இல்ல, உருண்டு போச்சு. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். மேல வந்து பாத்தா, முன்னால நீ ஒக்காந்திருக்க."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா. பதிமூணு பேரு ஒரு பக்கம், வண்டி வேற கத்தல." தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள். "அதுக்காகவும் இல்ல. நீ வருவேன்னு நெனச்சேன். ரெண்டு நாளுல வருவ, நாலு நாளுல வருவன்னு தெனமும் இந்தப் பாறையில ஏறி நின்னு பாத்தேன். நீ அந்த மூலையில ஒக்காந்து போயிக்கிட்டே இருந்த."

நான் அழுதேன். கையைப் பிடிக்கப் போனேன், அவள் தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், அவ்வளவுதான் செய்தாள். மேலே ஒன்பதாவது வளைவிலிருந்து தவமணியின் ஆரன் விட்டுவிட்டுக் கேட்டது, அதற்கு நடுவில் ராக்கு மதினியின் குரல், "வீரூ" என்று நீட்டிக் கூப்பிட்டது.

"ஒன்னையத்தான் கூப்புடுறாக. ஒன் எடம் இருக்கு வீரு, வேப்பிலைய எல்லாம் தள்ளிட்டுத்தான் வந்தேன். நான் வண்டியில வரல, நீ ஏறிக்க" என்றேன்.

"நீயும் வா. ஒனக்கும் பிள்ள குட்டி இருக்கு, வேலைக்குப் போகாம என்னா பண்ணுவ" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் தணியும் என்று காத்திருக்கலாம். பாறையிலிருந்து இறங்கி, பாதையின் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

நான் எப்போதும்போல அவள் பின்னால் நடக்கலாம் என்று நின்றேன். அது ஒற்றையடிப் பாதை, தோட்டத்தில் இப்படிப்பட்ட பாதைகளில் பதினோரு வருஷமாக அவள் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன், அவளுக்குப் பாம்பு பயம் கிடையாது.

"நீ முன்னால நட பவுனுத்தாயி" என்றாள் வீரு. "பின்னால வந்தா நீ என்னா பண்றியோன்னு நான் திரும்பித் திரும்பிப் பாக்கணும்."

நான் முன்னால் நடந்தேன்.